கொப்பியை மூடியவர்கள் குப்பி எடுக்கிறார்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை நெருங்கிவிட்டால் வந்தாறுமூலையில் ‘குப்பி’ தொடங்கிவிடும். விரிவுரையாளர் யாரும் அங்கே இருக்கமாட்டார். பாடம் பிடிபட்ட மாணவர் ஒருவர் பலகைக்கு முன்னால் நிற்பார். பிடிபடாதவர்கள் சுற்றிவர இருப்பார்கள். கட்டணம் கிடையாது, வரவு எடுப்பதும் கிடையாது. இன்று புள்ளிவிபரவியலுக்குக் குப்பி எடுத்தவர், நாளைக்கு வேறொரு பாடத்துக்குக் கொப்பியோடு கீழே இருந்து கேட்பார். பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம், இதே பெயர். எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத இந்த வகுப்புகளால் கரைசேர்ந்த பட்டதாரிகள் நாட்டில் ஏராளம்.

இதே பிள்ளைகளை உயர்தர வகுப்பில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நம்ப முடியாததாக இருக்கும். ரியூசனில் கிடைத்த ரியூட்டைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் பைக்குள் வைத்தவர்கள் இவர்கள். “நான் இன்னும் ஒண்டும் தொடங்கல்ல மச்சான்” என்று சொல்லிவிட்டு விடியப்புறம் எழும்பிப் படித்தவர்கள். கணக்கொன்றைக் கேட்டால், “எனக்கும் விளங்கல்ல” என்று கொப்பியை மூடியவர்கள். இடையில் இரண்டு மூன்று வருடங்கள்தான் போயிருக்கின்றன. அதற்குள் ஒரு தலைமுறையின் குணமே மாறிவிடாது. அவர்கள் படிக்கும் ஏற்பாடுதான் மாறியிருக்கிறது. சேர்ந்து படிப்பது பிள்ளைகளின் நல்ல மனத்தைப் பொறுத்தது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அதனால் அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் அறிவுரையால் வராத ஒத்துழைப்பு, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதத்தால் வருகிறது என்பதற்கு உலகத்தில் நிறையச் சான்றுகள் உண்டு.

அந்தச் சான்றுகளுக்குப் போகுமுன், போட்டி எப்படி வளர்கிறது என்பதை ஓர் ஊரில் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவில் களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே வாவி. வெற்றிலைத் தோட்டமும் மிளகாயும் மரக்கறியும் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலும் ஊரின் அடையாளங்கள். களுதாவளை மகா வித்தியாலயம் தேசிய பாடசாலை. பட்டிருப்பு கல்வி வலயத்தைச் சேர்ந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரை. அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யுத்தமும் 2004 சுனாமியும் அடித்துப்போட்ட இந்தக் கரையில், ஒரு குடும்பம் நிமிர்வதற்குப் படிப்பைத் தவிர வேறு ஏணி அதிகம் இல்லை. அதனால்தான் போட்டி பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் மதிலில் பதாகை ஏறும். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளின் படங்கள் அதில் இருக்கும். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையும் அதே வீதியால்தான் பாடசாலைக்குப் போகும்.

உயர்தரத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வைத்தியம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிவரிசைப்படி நிரப்பப்படுகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று. பின்தங்கிய பகுதிகளுக்கு நியாயம் செய்ய வந்த ஏற்பாடு இது. ஆனால் பிள்ளையின் காதில் அது வேறுவிதமாக விழுகிறது: ‘கொழும்புப் பிள்ளையோடு எனக்குப் போட்டி இல்லை, என் மாவட்டத்துப் பிள்ளையோடுதான் போட்டி, அதிலும் என் கண்ணுக்குத் தெரிவது பக்கத்து மேசைக்காரன்.’

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயம் நிற்காது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. நகரத்துப் பாடசாலைகள், காத்தான்குடி, ஏறாவூர், கல்குடா, படுவான்கரை என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, இருவருமே அந்த வரிசையில் பத்துப் பத்து இடம் முன்னேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நண்பன் தன்னைத் தாண்டிப் போனால்கூட இழப்பு ஓரிடம், இலாபம் பத்து. இந்த எளிய கணக்கைத் தரம் 12 தொடங்கும் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பிள்ளைகள் கணக்கை நம்புவார்கள்.

மாணவருக்கு மாணவர் சொல்லிக்கொடுப்பது நம் பக்கத்தில் புதிதே இல்லை. 1623 நவம்பரில் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே இன்றைய கர்நாடகத்தின் இக்கேரியில் இருந்தார். கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பாடம் படிப்பதைக் கண்டார். ஒருவன் பாடத்தை இராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத, மற்ற மூவரும் அதையே பாடி எழுதினார்கள். மறந்துபோனால், பிழைவிட்டால் யார் திருத்துவார் என்று பயணி கேட்டார். வாத்தியார் இல்லாமலே எங்களுக்குள் நாங்கள் திருத்திக்கொள்வோம், நால்வரும் ஒரே இடத்தில் பிழைவிடுவது நடக்காத காரியம் என்பது அவர்களுடைய பதிலின் சாரம். நானூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பதிலை இன்றைய கல்வியியல் நூல் எதுவும் மிஞ்சிவிடவில்லை.

அடுத்த கதை சென்னையில். எழும்பூரில் இராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை 1789இல் பொறுப்பேற்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், அருகே நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவர நினைத்தார். உதவி ஆசிரியர்கள் மசியவில்லை. அரிச்சுவடி வகுப்பை ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் மாணவரே சொல்லிக்கொடுப்போர், மாணவரே கேட்போர் என்று இணை இணையாகப் பிரிக்கப்பட்டது. 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் இன்னொரு வடிவத்தை நடத்த, இரண்டும் ஐரோப்பாவெங்கும் பரவின. ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்ற பெயரில் பாடசாலை ஒன்று நடக்கிறது.

ஆனால் இக்கேரியின் நான்கு பிள்ளைகளுக்கும் மதராஸ் முறைக்கும் நடுவில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த நால்வரும் சமமானவர்கள். மதராஸ் முறையில் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பதவி உண்டு. பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்தி முன்னிடம் பிடிக்கும் போட்டியும் உண்டு. லங்காஸ்டரின் பள்ளியில் பதக்கமும் பரிசும் ஒரு பக்கம், குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனை மறுபக்கம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையும் இந்த வழிதான். வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பு அவன் கையில். சட்டாம்பிள்ளைக்குப் பயந்து பாடம் ஒப்பித்த பிள்ளை, விளங்கவில்லை என்று அவனிடம் வாய்திறந்து சொல்லியிருக்குமா? இன்றைக்கும் ‘கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்’ என்று நிரந்தரமாக ஒரு பிள்ளையை மேலே ஏற்றிவிடும் வகுப்பறை, பிரம்பில்லாத சட்டாம்பிள்ளையைத்தான் உருவாக்குகிறது. கேட்கும் பிள்ளை கூசிப்போகும். சொல்லும் பிள்ளையின் பெற்றோர், “எங்கட பிள்ளையின்ட நேரம் வீணாகுது” என்று வந்து நிற்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு.

இந்த முடிச்சை அவிழ்த்த பரிசோதனை ஒன்று 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் நடந்தது. வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டு, பாடசாலைகளில் சண்டை மூண்டிருந்த நேரம். உளவியலாளர் எலியட் ஆரன்சன் அழைக்கப்பட்டார். வகுப்புக்குள் போய்ப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது, ஆசிரியரின் பாராட்டுக்காக எல்லோரும் எல்லோரோடும் போட்டிபோடும் ஏற்பாடு. அதை மாற்றினார். ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட சிறு குழு. படிக்க வேண்டிய பாடத்தை அத்தனை துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு. மற்றத் துண்டுகளை அறிய வேண்டுமானால் அது கையில் உள்ள பிள்ளையிடம் கேட்டே ஆகவேண்டும். கடைசியில் எல்லோரும் முழுப் பாடத்துக்கும் தனித்தனியே பரீட்சை எழுத வேண்டும்.

கார்லோஸ் என்று ஆரன்சன் பெயரிட்டுச் சொல்லும் பையனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கையில் ஒரு பகுதி அவனுடைய துண்டு. சொல்ல எழுந்தவன் தடுமாறினான். குழு கேலி செய்தது. ஆரன்சனின் உதவியாளர் அங்கே அன்பு, பண்பு என்று எதுவும் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தேவை, பரீட்சை கிட்ட வருகிறது என்பதை மட்டும் நினைவூட்டினார். சில நாட்களில் பிள்ளைகளின் பேச்சு மாறியது. அவனிடமிருந்து விஷயத்தை வெளியே எடுக்க எப்படிக் கேள்வி கேட்பது என்று பழகினார்கள். கேள்விகள் நல்லதாக ஆக, அவன் பதிலும் தெளிவானது. பையன் மந்தமானவன் இல்லை என்பது அப்போது அவர்களுக்கே தெரியவந்தது. நட்பு அதற்குப் பிறகு வந்தது. முதலில் தேவை, பிறகு கேள்வி, அதற்குப் பிறகு மரியாதை என்ற இந்த வரிசைதான் முக்கியம். நம் பாடசாலைகள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்கப் பார்க்கின்றன.

இலங்கையில் 2007இல் வந்த பாடத்திட்ட மாற்றத்தோடு குழுச் செயற்பாடு வகுப்பறைக்குள் வந்தது. பல வகுப்புகளில் அது என்ன ஆனது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஒரு டிமைத் தாள், ஒரு மாக்கர் பேனை, ஆறு பிள்ளைகள். எழுத்து அழகான பிள்ளை எழுதும், துணிந்த பிள்ளை முன்னால் போய் வாசிக்கும், மற்ற நால்வரும் கைதட்டுவார்கள். ஒரு வேலைக்கு ஒரு தாள் போதும் என்றால், ஒரு பிள்ளையும் போதும்தானே! பிள்ளைகளைச் சேர்த்து இருத்தியது தவிர அங்கே ஒருவர் மற்றவருக்குத் தேவைப்படும்படி எதுவும் செய்யப்படவில்லை.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் எடுத்தார்கள். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆட்சிப்பணி அதிகாரி எம்.பி. விஜயகுமார் அதற்குப் பின்னால் நின்றார். 2007–08இல் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. வகுப்பு ஆறு குழுவாக இயங்கியது. ஆசிரியர் துணையோடு படிப்பவர்கள், சக மாணவர் துணையோடு படிப்பவர்கள், தானே படிப்பவர்கள் என்று குழுக்கள் வகுக்கப்பட்டன. பிள்ளை எடுத்த அட்டையைப் பொறுத்து அது உட்காரும் குழுவும் மாறியது. ஒருநாள் உதவி கேட்கும் குழுவில் இருந்த பிள்ளை மறுநாள் வேறு குழுவுக்குப் போய்விட்டது. யார் நெற்றியிலும் ‘மந்தம்’ என்று நிலையாக ஒட்டப்படவில்லை. நடைமுறையில் குறைகள் சொல்லப்பட்டதும் உண்மை. என்றாலும் குழு மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு யோசனை விலைமதிப்பில்லாதது.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு வருவோம். கலிபோர்னியாவில் கல்வி ஆய்வாளர் நோரீன் வெப் பல வருடம் கணித வகுப்புகளில் பிள்ளைகள் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். விடையை மட்டும் வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு அது உதவவில்லை. காரணத்தோடு விளக்கம் கேட்டு, கேட்டதைத் தானே செய்தும் பார்த்த பிள்ளைக்கு உதவியது. விளக்கம் சொன்ன பிள்ளைகளும் முன்னேறினார்கள். ‘என் பிள்ளையின் நேரம் வீணாகுது’ என்ற பெற்றோருக்கான பதில் இதில் இருக்கிறது: தனக்குத் தெரியும் என்று நினைத்த படிமுறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது, அதை இன்னொருவருக்குச் சொல்லத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். ஹார்வர்டில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மஸூர் 1991 முதல் இதையே விரிவுரைக்குள் கொண்டுவந்தார். ஒரு வினா, மாணவர் தனியே விடையைத் தெரிவுசெய்வார், வேறு விடை சொன்ன அயலவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடுவார், மறுபடி விடை சொல்வார். இரண்டாவது முறை சரியான விடைகள் கூடின. பேராசிரியருக்குப் பல வருடத்துக்கு முன்னால் விளங்கிய விஷயம். அதில் எங்கே சறுக்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். நேற்று விளங்கிய மாணவருக்குச் சறுக்கல் இன்னும் நினைவில் இருக்கிறது.

இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன். 1970களில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். ஆர்வக்குறைவு, குடும்பச் சூழல், போதாத அடிப்படை என்று விரிவுரையாளர்கள் காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் கறுப்பின மாணவர் 20 பேரும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு தரப்பும் கடுமையாக உழைத்தது. ஆனால் கறுப்பின மாணவர் பெரும்பாலும் தனியே உழைத்தார்கள். சீன மாணவர் தனியே படித்தபின் மாலையில் கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் பிடித்தார்கள். டிரைஸ்மன் நடத்திய பட்டறைகளுக்குப் ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்ற முத்திரை இல்லை. தனியே ஒருவரால் இலகுவில் முடிக்க இயலாத கடினமான கணக்குகளையே குழுவுக்குக் கொடுத்தார். இலகுவான கணக்கைக் கொடுத்தால் கெட்டிக்காரர் தனியே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கடினமான கணக்குக்கு நாலு தலையும் தேவைப்படும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து உதவும் சகபாடிப் பயிற்சியை 1980இல் முன்வைத்தவர்கள் கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ். பார்த்து முடித்ததும் குறைநிறை சொல்வது ஆரம்பத்தில் அதன் அங்கமாக இருந்தது. 1996இல் அவர்களே அதை நீக்கச் சொன்னார்கள். கருத்துச் சொல்லத் தொடங்கியதும் கூட்டுறவு குலைந்து, ஒருவர் மேற்பார்வையாளராகவும் மற்றவர் மேற்பார்க்கப்படுபவராகவும் ஆகிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். வகுப்பை நடத்துபவரே பயிற்றுநர், பார்க்க வந்தவரே கற்க வந்தவர் என்று முறையைத் திருப்பிப் போட்டார்கள். தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் ஆசிரிய பயிலுநர்கள் இருவர் இப்படி ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் மற்றவர் போய் இருந்தால், புள்ளியிட வருபவரிடம் கேட்கக் கூசும் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு மாணவர் கணக்குப் பார்க்கும்போதும் இதே விதி செல்லும்: “இது பிழை” என்பதைவிட “இந்த வரி எப்படி வந்தது, ஒருக்கா சொல்லு” என்பது அதிகம் கற்பிக்கும்.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் வெளியூர்ச் சரக்காகத் தோன்றத் தேவையில்லை. பேராசிரியர் சி. மௌனகுரு விரிவாக ஆராய்ந்து எழுதிய மட்டக்களப்புக் கூத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகப்படுவது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்கொரு பாத்திரத்தின் பாட்டுகளை, சட்டம் கொடுத்தல் என்ற சடங்கோடு, பிரித்துக் கொடுக்கிறார். ஒருவர் தரு எனப்படும் பாட்டைப் பாடி ஆடும்போது மற்றவர்கள் பிற்பாட்டாக அதை ஏந்திப் பாடுகிறார்கள். அடி தவறியவருக்கு அருகில் ஆடுபவரின் காலே வழிகாட்டி. தன் பகுதி தெரிந்துவிட்டது என்று எவரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருவர் சறுக்கினால் களரி முழுக்கச் சறுக்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் இராமுழுக்க நீளும் பாட்டுகளை மனத்தில் ஏற்றியது இந்தக் கூட்டு ஏற்பாட்டால்தான். தேவை, தனிப்பொறுப்பு, மாற்றி மாற்றி ஏந்துதல் என்று ஆரன்சன் தேடியவை அத்தனையும் படுவான்கரைக் களரியில் ஏற்கெனவே இருக்கின்றன.

இதைக் களுதாவளையின் தரம் 13 வகுப்புக்குள் கொண்டுவரப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கடந்தகால வினாத்தாள்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. நால்வர் குழு, ஒவ்வொருவருக்கும் ஓர் அலகு. தன் அலகின் வினாக்களைத் தனியே செய்து, மற்ற மூவரும் செய்யக்கூடியவராகும்வரை பொறுப்பு அவருக்கு. வார இறுதியில் ஆசிரியர் சீட்டு எடுத்து ஒரு பெயரை அழைப்பார். அழைக்கப்பட்டவர் தன்னுடையதல்லாத அலகிலிருந்து ஒரு வினாவைப் பலகையில் செய்வார். அவர் எடுத்த புள்ளி நால்வருக்கும். தவணைப் பரீட்சைப் புள்ளி வழக்கம்போல் தனித்தனியே இருக்கட்டும், அதில் கைவைத்தால் பெற்றோர் எதிர்ப்பார்கள், எதிர்ப்பது நியாயமும்கூட. இரண்டு வாரத்துக்கொருமுறை அலகுகள் கைமாற வேண்டும். உயிரியலில் முன்னிற்கும் பிள்ளை இரசாயனத்தில் கேட்பவராக இருக்கும்படி சேர்க்க வேண்டும். குழுவை ஆசிரியரே அமைப்பது நல்லது. பிள்ளைகளிடம் விட்டால் ஒரே ஒழுங்கைக்காரரும் ஒரே ரியூசன்காரரும் சேர்ந்துவிடுவார்கள், பாலம் கடந்து வரும் பிள்ளை தனித்துவிடும்.

நேரம்தான் கடினமான பகுதி. பாடசாலை விட்டதும் ரியூசன், அது முடிந்தால் இருட்டு. தூரத்துப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். ஆகவே இது பாடசாலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளையை இதற்கென்று நேரசூசியில் எழுத அதிபரின் சம்மதம் போதும். முதல் சில வாரங்கள் வகுப்பு சந்தைபோல் இரைச்சலாக இருக்கும். பாடத்திட்டமும் கொஞ்சம் பின்தங்கும். அடுத்த தவணையில் அதை ஈடுசெய்யலாம் என்று அதிபர் ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர் பதறிப்போய் மறுபடி தானே சோக்கை எடுக்கமாட்டார்.